அம்மாவின் இன்சுலின் செலவும் ஏஜென்ட் காட்டிய பொலிசியும்

கேள்வி:

வணக்கம் ஐயா. எங்கள் ஊர் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டம். நான் கொழும்பில் ஒரு தனியார் கம்பனியில் வேலை செய்கிறேன், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அம்மாவுக்கு 58 வயது, கொழுந்து எடுத்து ஓய்வுபெற்றவர். பல வருஷமாகச் சுகர். போன வருஷம் காலில் புண் வந்து, பயத்தில் கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். அங்கேதான் இன்சுலினைப் பேனா ஊசியாக எழுதித் தந்தார்கள். இரவில் கிளாஜின் 22 யூனிட், மூன்று நேரச் சாப்பாட்டுக்கு முன் அஸ்பார்ட் 8 யூனிட் வீதம். பேனா, நீடில், சீனி பார்க்கும் ஸ்ட்ரிப் எல்லாம் சேர்த்து மாதம் 17,000 ரூபா போகிறது. கம்பனி இன்சூரன்ஸில் அம்மாவின் பெயரைச் சேர்த்திருக்கிறேன். ஓ.பி.டி. செலவுக்கு, அதாவது ஆஸ்பத்திரியில் படுக்காமல் எடுக்கும் வைத்தியத்துக்கு, வருஷத்துக்கு 40,000 ரூபா தருவார்கள், அது சீக்கிரமே முடிந்துவிடுகிறது. இப்போது ஒரு ஏஜென்ட், மாதம் 6,500 ரூபா கட்டினால் ஊசிச் செலவெல்லாம் அடங்கும் என்கிறார். கையேட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். "ஹோர்மோன் ஊசி என்றால் விலை அப்படித்தான், அமெரிக்காவில் இதை விட மோசம்" என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். கவர்மெண்ட் ஆஸ்பத்திரி இன்சுலின் தரமில்லை என்று ஊரில் பேச்சு. மச்சான் அடுத்த மாதம் திருச்சி போகிறார், அங்கே மலிவாம், வாங்கி வரச் சொல்லவா? அம்மா வேறு, காசு மிச்சம் பிடிக்கப் பகல் ஊசியை அப்படியே விட்டுவிடுகிறார் என்று தங்கை சொல்கிறாள். என்ன செய்யட்டும்?

பதில்:

கடைசியில் போகிற போக்கில் எழுதியதை நான் முதலில் எடுக்கிறேன். அம்மா பகல் ஊசியை விடுகிறார் என்பதுதான் இந்தக் கடிதத்திலேயே அவசரமான விசயம். ஏற்கெனவே காலில் புண் வந்து ஆறிய ஆள். சாப்பாட்டு ஊசியை விட்டால் சீனி ஏறும். புண் திரும்பினால், இந்த வருஷ ஊசிச் செலவு முழுவதும் ஆஸ்பத்திரியில் படுக்கும் அந்த ஒரு கிழமைக்குக் காணாது. இன்றிரவே போன் எடுத்துப் பேசுங்கள். திட்டாதீர்கள். எந்த நேரத்து ஊசியை, கிழமையில் எத்தனை நாள் விடுகிறார் என்று மட்டும் பொறுமையாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதி வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அடுத்த முறை வைத்தியர் சீனி அளவைப் பார்ப்பார், கூடியிருக்கும். ஊசியை ஒழுங்காகப் போட்டும் கூடியிருக்கிறது என்று நினைத்து யூனிட்டைக் கூட்டி எழுதுவார். பிறகு ஒரு நாள் நீங்கள் ஊருக்குப் போய்ப் பக்கத்தில் நின்று எல்லா ஊசியையும் போட வைப்பீர்கள். அன்றைக்குச் சீனி கீழே விழும். ஆகவே விட்ட ஊசிகளின் கணக்கு வைத்தியருக்குத் தெரிய வேண்டும். மகளுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று மருந்தைக் குறைக்கும் அம்மாக்களை நான் என் பாமசிக் கவுண்டரில் கிழமை தவறாமல் பார்க்கிறேன். ஒரு மாத மருந்துக்கு வைத்தியர் எழுதிய துண்டு இருக்கும். "பத்து நாளைக்குத் தாங்க தம்பி, மிச்சத்தைப் பிறகு எடுக்கிறேன்" என்பார்கள். அந்தப் பிறகு பல நேரம் வருவதே இல்லை.

சரி, இனி ஏஜென்ட். நீங்கள் அனுப்பிய கையேட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது ஒரு ஆயுள் காப்புறுதி. அதோடு ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை, சில பெரிய சத்திரசிகிச்சைகளுக்கு ஒரு தொகை, குறிப்பிட்ட சில கடும் நோய்களுக்கு ஒரு தொகை. வீட்டில் இருந்து தினமும் போடும் இன்சுலின் இதில் எங்கேயும் இல்லை. அதற்குக் கீழே பொடி எழுத்தில், பொலிசி எடுக்கும்போதே இருந்த நோய்க்கும் அதனால் வரும் பாதிப்புகளுக்கும் பணம் கிடையாது என்று இருக்கிறது. அம்மாவுக்குச் சுகர் பல வருஷமாக. கால் புண் ஆஸ்பத்திரி டயக்னோசிஸ் கார்டிலேயே இருக்கிறது. நாளைக்கு அதே காலுக்காகப் படுத்தாலும் அவர்கள் கையை விரிக்க இடமுண்டு.

ஏஜென்டிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், வாயால் வேண்டாம், வட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள்: "அம்மா ஆஸ்பத்திரியில் படுக்காத மாதத்திலும் இன்சுலினுக்கான பாமசி பில்லுக்கு இந்தப் பொலிசி காசு தருமா? தரும் என்றால் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது?" பதில் எழுத்தில் வந்தால் பார்க்கலாம். என் அனுபவத்தில் இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் வராது, போன்தான் வரும். "படிவத்தில் சுகர் என்று போட வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அவர் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். நோயை மறைத்து எடுத்த பொலிசியில் கட்டணம் மட்டும் ஒழுங்காகப் போகும். க்ளெயிம் போடும் நாளில்தான் பழைய மருத்துவக் குறிப்பெல்லாம் தோண்டப்படும். அப்போது மாட்டுவது படிவத்தில் கையெழுத்து வைத்த ஆள்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். மாதம் 17,000 என்றால் வருஷத்துக்கு 2,04,000 ரூபா. கம்பனி தரும் 40,000 ரூபா மூன்றாவது மாதம் நடக்கும்போதே முடிந்துவிடும். மிச்சம் 1,64,000 உங்கள் கையிலிருந்து. இந்த நிலையில் ஏஜென்டின் பொலிசியையும் எடுத்தால் வருஷத்துக்கு இன்னும் 78,000 கட்டுவீர்கள், ஊசிச் செலவில் ஒரு ரூபாவும் குறையாது. அதாவது கூடுதலாக இன்சூரன்ஸ் எடுத்தவருக்கு எடுக்காதவரை விடச் செலவு அதிகம். தோட்டத்துக் கணக்கில் சொன்னால், 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்துக்கு, அம்மாவின் ஒரு மாத ஊசி பன்னிரண்டு நாள் சம்பளத்துக்கு மேல். அந்தக் கணக்கு அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் பகல் ஊசி விடுபடுகிறது.

இலங்கையில் இன்சுலின் போடும் ஒருவரின் செலவைத் தீர்மானிப்பது இன்சூரன்ஸ் அட்டை அல்ல, கிளினிக் கொப்பி. இதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் பெயர் பதிந்து கொப்பி வைத்திருப்பவருக்கு இன்சுலின் இலவசம். வயசு, வேலை, தோட்டம், டவுன் என்று எந்த வித்தியாசமும் கிடையாது. அம்மா தனியார் ஆஸ்பத்திரியில் தொடங்கி, அந்தத் துண்டையே பாமசிக்குப் பாமசி கொண்டு திரிவதால்தான் நீங்கள் முழு விலை கட்டுகிறீர்கள்.

"ஹோர்மோன் ஊசி என்றால் விலை அப்படித்தான்" என்ற பேச்சுக்கும் ஒரு பதில். இன்சுலின் ஹோர்மோன்தான், உடம்பில் கணையம் சுரக்க வேண்டியது. ஆனால் விலை ஏறுவது ஹோர்மோன் என்பதால் அல்ல, எந்த வகை, எதில் அடைத்தது என்பதால். 1921இல் டொரொன்டோவில் இதைக் கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டொலருக்கு விற்றார்கள். முதலில் மாடு, பன்றியின் கணையத்திலிருந்து எடுத்தார்கள். 1982இல் நுண்ணுயிரியை வைத்து, மனித உடம்பில் சுரப்பதைப் போன்றதையே தயாரித்து விற்பனைக்கு விட்டார்கள். இதைத்தான் மனித இன்சுலின் என்கிறோம், கிளினிக்கில் பொதுவாகக் கிடைப்பது இதுதான். அதற்குப் பிறகு மூலக்கூறைக் கொஞ்சம் மாற்றி, ஒன்றை வேகமாக வேலை செய்யவும் இன்னொன்றை நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யவும் வைத்தார்கள். அம்மாவின் அஸ்பார்ட் முதல் வகை, கிளாஜின் இரண்டாம் வகை. இவை வசதியானவை, விலையும் கூட. பேனாவில் அடைத்து வந்தால் இன்னும் கூட.

பேனாவில் இன்னொரு செலவும் மறைந்திருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் ஊசி போடும் முன் 2 யூனிட்டை வெளியே தள்ளி, நுனியில் துளி வருகிறதா என்று பார்க்க வேண்டும். அம்மாவுக்கு நாளுக்கு நான்கு ஊசி. அப்படியானால் நாளுக்கு 8 யூனிட், மாதத்துக்கு 240 யூனிட் உடம்புக்குள் போகாமல் வெளியே போகிறது. ஒரு பேனாவில் இருப்பதே 300 யூனிட். மிச்சம் பிடிக்கிறேன் என்று இந்த 2 யூனிட்டைத் தள்ளாமல் விடவும் கூடாது. காற்று நின்றால் 8 என்று திருப்பினாலும் 8 போகாது.

அமெரிக்கக் கதைக்கு இரண்டு வரி. அங்கே ஒரு போத்தல் வேக இன்சுலினின் பட்டியல் விலை 270 டொலரைத் தாண்டியிருந்தது உண்மை. இன்சூரன்ஸ் இல்லாதவர் அந்த முழு விலையின் முன்னால் நின்றார். 2023இல் மூத்தோருக்கான அரச காப்புறுதியில் மாதத்துக்கு 35 டொலர் என்று உச்சவரம்பு வைத்தார்கள், பெரிய கம்பனிகளும் விலையைக் குறைத்தன. அந்த நாட்டில் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்பது உயிர் போகிற கேள்வி. அந்தப் பயத்தை இங்கே இறக்குமதி செய்து ஏஜென்டுகள் வியாபாரம் பண்ணுகிறார்கள்.

கவர்மெண்ட் இன்சுலின் தரமில்லை என்ற பேச்சை நான் ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியபோது மருந்துத் தட்டுகள் காலியாக இருந்ததை எல்லாரும் பார்த்தோம். அடுத்த வருஷம் தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசி மருந்து விவகாரம் வெளியே வந்து நீதிமன்றம் வரை போனது. சனங்களுக்குப் பயம் வந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் ஊரில் பேசுவது வேறு. "பேனாதான் நல்லது, போத்தல் ஏழைகளுக்கு" என்ற எண்ணம் அது. அது தவறு. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டலில், வயது வந்தோருக்கு வரும் இரண்டாம் வகைச் சீனி நோயில் இன்சுலின் தேவைப்பட்டால் மனித இன்சுலினையே கொடுக்கச் சொல்கிறது. அடிக்கடி கடுமையாகச் சீனி இறங்குகிறவர்களுக்கு கிளாஜின் போன்ற நீண்ட நேர வகையை யோசிக்கலாம் என்கிறது. 2021இல் அந்த நீண்ட நேர வகையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. ஆக இரண்டுமே நல்ல மருந்து. உங்கள் அம்மாவுக்கு எது பொருந்தும், எது கட்டுப்படியாகும் என்பதுதான் கேள்வி.

இப்போது வழியைச் சொல்கிறேன். பொகவந்தலாவையில் பிரதேச வைத்தியசாலை இருக்கிறது. ஹட்டன் பஸ்ஸில் ஏறினால் நோர்வூட் தாண்டி டிக்கோயா ஆதார வைத்தியசாலை, இந்திய உதவியில் கட்டி 2017இல் திறந்தது. கால் புண் வந்த ஆள் என்பதால், முதல் தடவை விசேட வைத்தியர் பார்க்கும் இடத்துக்கே போகட்டும். அடுத்தடுத்த மாதங்களுக்கு ஊருக்குப் பக்கத்தில் மாற்றித் தரக் கேட்கலாம். தனியார் ஆஸ்பத்திரி டயக்னோசிஸ் கார்ட், கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனைத் துண்டுகள், அடையாள அட்டை, இப்போது போடும் பேனாக்கள், இத்தனையும் பையில் இருக்க வேண்டும். முதலில் ஓ.பி.டி.யில் காட்டி, மெடிக்கல் கிளினிக்குக்குத் திகதி வாங்க வேண்டும். அன்றைக்கு யாராவது கூடப் போக வேண்டும், தங்கை போனால் நல்லது. முதல் நாள் முழு நாளும் போய்விடும். வரிசை நீளம், அதை மறைக்க மாட்டேன். அடுத்த மாதங்களில் கொப்பி கையில் இருப்பதால் கொஞ்சம் லேசு.

இன்னொரு குறுக்கு வழியும் உண்டு, தவறான வழியல்ல. கண்டியில் நீங்கள் காசு கட்டிச் சனல் பண்ணிக் காட்டும் விசேட வைத்தியர்களில் பெரும்பாலானவர்கள் பகலில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்கள். அவரிடமே சொல்லுங்கள்: "டொக்டர், மாதம் 17,000 எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை, கிளினிக்கில் கிடைக்கும் இன்சுலினுக்கு மாற்றி ஒரு கடிதம் தாருங்கள்." வெட்கப்பட ஒன்றுமில்லை. காசு இல்லை என்று சொல்லாத நோயாளிக்கு வைத்தியர் விலை கூடியதை எழுதிக்கொண்டே இருப்பார், அவருக்கு எப்படித் தெரியும்?

ஆனால் ஒன்று. மாற்றத்தை நீங்களோ தங்கையோ நானோ செய்யக் கூடாது. கிளாஜின் 22, அஸ்பார்ட் 24, கூட்டினால் 46, அப்படியே 46 யூனிட் கலவை இன்சுலின் (வேகமானதும் மெதுவானதும் ஒன்றாகக் கலந்தது) என்று கணக்குப் போட்டால் அம்மா விழுந்துவிடலாம். வகை மாறும்போது வைத்தியர் பெரும்பாலும் அளவைக் குறைத்துத் தொடங்கி, சீனியைப் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றுவார். அம்மா ஊசியை விட்டுவிட்டுப் போட்டது வேறு இந்தக் கணக்கில் வர வேண்டும்.

கிளினிக்கில் அதிகம் கொடுப்பது கலவை இன்சுலின், வேகமானது முப்பதுக்கு மெதுவானது எழுபது என்பார்கள். காலையும் இரவும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன் போடுவது. பேனாவுக்குப் பழகியவர் இங்கேதான் தடுமாறுவார். அம்மாவின் பேனாக்களில் இருப்பது தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும், கலவை இன்சுலின் பால் கலந்த தண்ணீர் மாதிரிக் கலங்கியிருக்கும், அது கெட்டுப்போனதல்ல. வைத்திருந்தால் அடியில் வெள்ளையாகப் படியும். போடும் முன் போத்தலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் படுக்க வைத்து மெதுவாக உருட்ட வேண்டும், வெள்ளை முழுதாகக் கலக்கும் வரை. குலுக்கக் கூடாது, நுரை வந்தால் அளவு பிசகும். உருட்டியும் கட்டி கட்டியாக நின்றால், அல்லது போத்தல் சுவரில் உப்புப் படிந்த மாதிரி ஒட்டியிருந்தால் அந்தப் போத்தல் வேண்டாம். உருட்டாமல் மேலிருக்கும் தண்ணீரை மட்டும் இழுத்துப் போட்டுவிட்டு, "கவர்மெண்ட் ஊசி வேலை செய்யவில்லை" என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். தரமில்லை என்ற பேச்சில் பாதி இந்த உருட்டாத போத்தலில் பிறந்தது என்பேன்.

நேரத்துக்குச் சாப்பாடும் முக்கியம். கலவை இன்சுலினில் ஒரு பகுதி போட்டு நாலைந்து மணி நேரம் கழித்து உச்சத்துக்கு வரும். காலையில் ஊசியைப் போட்டு ஒரு ரொட்டியோடு நிறுத்தி, பகல் சோற்றை மூன்று மணிக்குத் தள்ளினால் நடுங்கும், வேர்க்கும், கண் இருட்டும். அப்படி வந்தால் மூன்று தேக்கரண்டிச் சீனியை அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும், கால் மணி நேரத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை. தேத்தண்ணி ஊற்றி ஆற்றிக்கொண்டு நிற்க வேண்டாம். பேச்சு மூச்சில்லாமல் கிடந்தால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பக்கத்து வீட்டுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். அடிக்கடி இப்படி வந்தால், அதுவும் இராத்திரியில் வந்தால், அம்மாவுக்கு கிளாஜின்தான் சரி என்று வைத்தியர் முடிவெடுக்கலாம்.

அப்படியும் வழி இருக்கிறது. இரவு கிளாஜினை மட்டும் வெளியில் வாங்கி, சாப்பாட்டு ஊசிக்கு கிளினிக்கின் தெளிந்த மனித இன்சுலினைப் போடுவது. அதுவும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன். அஸ்பார்ட் மாதிரிப் போட்ட கையோடு சாப்பிட முடியாது, அந்த ஒரு தொல்லைதான். இப்போது அம்மா மாதத்துக்கு மூன்று அஸ்பார்ட் பேனாவும், தள்ளும் 2 யூனிட்டையும் சேர்த்தால் கிட்டத்தட்ட இரண்டரை கிளாஜின் பேனாவும் முடிக்கிறார். அஸ்பார்ட் முழுவதும் போய்விட்டால் பில் நன்றாக இறங்கும். வைத்தியரிடம் இதைக் கேளுங்கள்.

அம்மாவின் கண்ணையும் பாருங்கள். சிரிஞ்சில் இருக்கும் கோடு தெரியாதவருக்கு, கை நடுங்குபவருக்குப் பேனா அவசியம், அது ஆடம்பரமல்ல. ஒரு தடவை உங்கள் முன்னால் வெறும் சிரிஞ்சில் 10 யூனிட் இழுத்துக் காட்டச் சொல்லுங்கள், தெரிந்துவிடும். தங்கை வீட்டில் இருந்தால் அவளே போடலாம்.

கிளினிக்குக்கு மாறினாலும் செலவு பூச்சியமாகாது. பஸ் காசு, சில இடங்களில் சிரிஞ்ச், வீட்டில் சீனி பார்க்கும் ஸ்ட்ரிப், சில மாதம் "ஸ்டொக் இல்லை, வெளியில் வாங்குங்கள்" என்று எழுதித் தரும் துண்டு. இங்கேதான் கம்பனி தரும் 40,000 ரூபா உருப்படியாக உதவும். மூன்று மாதத்தில் கரைந்த காசு, வருஷம் முழுக்க ஓடும். வெளியில் வாங்க வேண்டி வந்தால் முதலில் அரசாங்க மருந்துக் கடையான ஒசுசலவில் விலை கேளுங்கள். வேறு பாமசி என்றாலும் அதே மருந்தின் வேறு கம்பனித் தயாரிப்பு இருக்கிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள். மனித இன்சுலினில் போத்தலுக்கும் பேனாவுக்கும் உள்ள விலை வித்தியாசத்தையும் அங்கேயே கேளுங்கள்.

க்ளெயிம் போடும்போது பில்லில் அம்மாவின் பெயர் இருக்க வேண்டும், உங்கள் பெயரோ பாமசிக்குப் போன தங்கையின் பெயரோ அல்ல. "மருந்து" என்று மொத்தமாக ஒரு தொகை எழுதிய பில்லைத் திருப்பி அனுப்புவார்கள். மருந்தின் பெயர், எண்ணிக்கை, திகதி தனித்தனியாக வேண்டும். வைத்தியரின் பெயரும் முத்திரையும் உள்ள துண்டின் பிரதி கூடவே. கிளினிக்கில் வெளியில் வாங்க எழுதித் தரும் துண்டுக்கும் முத்திரை கேட்டு வாங்குங்கள், பலர் இதை மறந்து க்ளெயிமை இழக்கிறார்கள். ஸ்ட்ரிப்பும் நீடிலும் உங்கள் திட்டத்தில் அடங்குமா என்று எச்.ஆரில் கேட்டுவிடுங்கள், சில திட்டங்களில் அடங்கும், சிலவற்றில் மருந்து மட்டும்தான். பில்லை எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்றும் கேளுங்கள். போன மாதத் திகதிக்கு ஒரு பில் போட்டுத் தாருங்கள் என்று மட்டும் எந்தப் பாமசியிலும் கேட்காதீர்கள். நான் தருவதில்லை.

இன்னொன்றையும் எச்.ஆரில் இப்போதே கேட்டு வையுங்கள். கல்யாணமாகாதவரின் பெற்றோரைச் சேர்க்கும் திட்டங்கள் பலவற்றில், கல்யாணம் ஆனதும் பெற்றோரின் பெயர் போய் கணவரின் பெயர் வரும். பெற்றோருக்கு வயசு எல்லையும் இருக்கலாம். வேலையை மாற்றினாலும் அட்டை போய்விடும். அதனால் அம்மாவின் தினசரி மருந்தைக் கம்பனி அட்டையில் மட்டும் தொங்க விட வேண்டாம் என்பது என் கருத்து. அம்மாவுக்கென்று காசு ஒதுக்க விருப்பம் என்றால், ஏஜென்டுக்குக் கொடுக்க நினைத்த 6,500இல் பாதியை அம்மாவின் பெயரில் ஒரு வங்கிக் கணக்கில் போட்டு வாருங்கள். ஸ்டொக் இல்லாத மாதத்துக்கும் காலைக் காட்ட அவசரமாக ஒரு திரீவீல் பிடிப்பதற்கும் அது கைகொடுக்கும்.

வைப்பதைப் பற்றி: கிளினிக்கில் இரண்டு போத்தல் கொடுத்தால், திறக்காததைப் பிரிட்ஜில் வையுங்கள். வீட்டில் இல்லை என்றால் பக்கத்தில் இருக்கும் யாரிடமாவது கொடுத்து வைக்கலாம். பழைய ஒற்றைக் கதவுப் பிரிட்ஜில் ஐஸ் பெட்டிக்கு நேர் கீழே இருக்கும் தட்டில் வைக்கக் கூடாது, அங்கே உறைந்துவிடும். உறைந்த இன்சுலின் உருகினாலும் குப்பைக்குத்தான். திறந்த போத்தலுக்குப் பொகவந்தலாவைக் குளிரில் பிரிட்ஜ் தேவையில்லை. அடுப்புப் பக்கமும் தகரக் கூரைக்குக் கீழே வெயில் இறங்கும் தட்டும் வேண்டாம், அவ்வளவுதான். திறந்த திகதியைப் போத்தலிலேயே பேனையால் எழுதுங்கள். பெரும்பாலும் 28 நாளில் மிச்சம் இருந்தாலும் வீச வேண்டும், பெட்டியில் வேறு எண் போட்டிருந்தால் அதன்படி.

திருச்சி விசயம். மச்சானிடம் இன்சுலின் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்தியாவில் போத்தல் இன்சுலின் பல, ஒரு மில்லிலீற்றருக்கு 40 யூனிட் வீதம் விற்கிறார்கள். இங்கே நாம் பாவிப்பது 100 யூனிட். இங்குள்ள செம்மஞ்சள் மூடிச் சிரிஞ்சில் அங்குள்ள போத்தலை இழுத்தால், 20 யூனிட் என்று நினைத்துப் போடுவது 8 யூனிட்தான். அங்கிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சும் சேர்ந்து வந்து, அதில் இங்குள்ள போத்தலை இழுத்தால் இரண்டரை மடங்கு போய்விடும், அது உயிருக்கே ஆபத்து. வீட்டில் இரண்டு வகையும் கலந்து கிடப்பதைப் போல மோசமான ஒன்று இல்லை. போதாததற்கு விமானப் பயணம், சூட்கேஸ், ஹட்டன் வரை பஸ், இத்தனை வழியில் அது எந்தச் சூட்டில் இருந்தது என்று யாருக்குத் தெரியும்? மச்சானுக்கு ஏதாவது வாங்கி வர ஆசை என்றால் ஸ்ட்ரிப் வாங்கி வரட்டும். அம்மாவிடம் இருக்கும் அதே மீற்றருக்கு உரிய ஸ்ட்ரிப்பாக இருக்க வேண்டும், மீற்றரின் பெயரையும் மாதிரியையும் படம் எடுத்து அனுப்புங்கள். பெட்டியில் காலாவதித் திகதிக்குக் குறைந்தது ஆறு மாதமாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.